ஸ்டெல்லாவுக்குக் கேட்காத பச்சை பட்டன்

சாமு,

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மா மகனுக்கு எழுதினால் அதில் என்ன இருக்கும் என்று உனக்கே தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு, பெண்டாட்டியிடம் குரலை உயர்த்தாதே, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போ. இதையெல்லாம் உன் அப்பா போனிலேயே சொல்லி முடித்துவிட்டார். நீயும் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டாய். எனக்கு மிச்சமாக ஒன்றுமே இல்லை. அதனால் உன்னைப் புகழலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நேரில் புகழ்ந்தால் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்துவிடுவாய், காகிதத்தில் அப்படித் தப்பிக்க முடியாது. இதை நீ கட்டிக்கொள்ளப்போகிற ரூத்தும் படிக்கட்டும், ஊரில் யார் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. நீ செய்த ஒரு காரியத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். நீயாக அதை அவளிடம் ஒருநாளும் சொல்லமாட்டாய்.

புகழ்வதற்கு முன்னால் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன், அப்போதுதான் எனக்குக் கை ஓடும். யாராவது உன்னிடம் ஒன்றைக் கேட்டால் "அதுலயே எழுதியிருக்கே" என்பாய். இது உன் அப்பா வழி வந்த சொத்து. வாணியம்பாடியில் தோல் தரம் பிரிக்கும் வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கிற மனுஷர், ஒரு தோல் ஏன் முதல் தரம், இன்னொன்று ஏன் கழிவு என்று கேட்டால், "பார்த்தா தெரியுதே" என்பார். நீ ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது நாம் கலர் டி.வி. வாங்கினோம். மாதனூரிலிருந்து உன் அத்தை வந்திருந்தார். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழ் எப்படி வரவைப்பது என்று உன்னிடம் கேட்டார். நீ பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் "அதுலயே எழுதியிருக்கு அத்தை" என்றாய். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "ஆமா கண்ணு, எழுதியிருக்கு" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு, மத்தியானம் முழுக்க இந்தியில் ஏதோ விவசாய நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் பஸ் ஏறும்போது டி.வி. ரொம்ப நன்றாக இருந்தது என்றார். நானும் அடுப்படியில் இருந்தவள் அன்றைக்கு ஒன்றும் கவனிக்கவில்லை. ஓரகத்தி ஒருத்தி பிறகு சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அப்புறம் நீ வேலூரில் இன்ஜினியரிங் முடித்துப் பெங்களூருக்குப் போனாய். வாரத்தில் ஐந்து நாள் சம்பளம் கொடுக்கிற கம்பெனிக்கு வேலை, மிச்ச இரண்டு நாள் சம்பளமே இல்லாத வேலை. வீட்டுக்கு வந்தாலும் கம்ப்யூட்டரோடுதான் இருப்பாய். இதில் என்னடா வருகிறது என்று அப்பா கேட்டபோது நீ பொறுமையாகத்தான் விளக்கினாய். பார்வை இல்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற ஒரு புரோகிராம். உன்னோடு கல்லூரியில் படித்த ஒரு பையனுக்காக ஆரம்பித்ததாம். நாலைந்து ஊர்களில் இருக்கிற நண்பர்கள் மெயிலிலேயே பேசிக்கொண்டு சேர்ந்து எழுதுகிறீர்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், காசே கிடையாது. அப்பா கேட்டுவிட்டு, "சர்ச்சுக்குக் கூலி வாங்காம பெயின்ட் அடிக்கிற மாதிரி" என்றார். நீ ஆமாம் என்றாய். எனக்கு அன்றைக்கே பெருமையாக இருந்தது, ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. சாப்பிட வா என்றுதான் கூப்பிட்டேன்.

இப்போது ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்லவேண்டும், ரூத்துக்காக. ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனி ஆபீசில் ஸ்டெல்லாதான் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. என்னைவிடப் பத்து வயது சின்னவள். நான் ஏற்றுமதிப் பிரிவில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து பிறகு கம்ப்யூட்டருக்கு மாறியவள், அவள் டெலிபோன் போர்டுக்கு வந்தது எனக்குப் பின்னால். அந்த போர்டில் அவள் கை ஓடுவதைப் பார்த்தால் நமக்குக் கண் எதற்கு என்று தோன்றும். இத்தாலியிலிருந்து யாராவது கூப்பிட்டால் 'ஹலோ' சொல்லி முடிப்பதற்குள் எந்த மேசைக்கு என்று தெரிந்து போட்டுவிடுவாள். ஜி.எம். கோபமாக இருக்கிறாரா என்று தெரிய வேண்டுமானால் நாங்கள் அவளைத்தான் கேட்போம். மத்தியானம் அவளும் நானும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். அவள் சம்பளத்தில்தான் அவளும் அவள் அம்மாவும் இருந்தார்கள்.

ஒரு வருஷம் ஆபீசுக்குப் புது டெலிபோன் முறை வரப்போகிறது என்றார்கள். ஒவ்வொரு மேசைக்கும் நேர் நம்பர். போர்டு தேவையில்லை, ஆபரேட்டரும் தேவையில்லை. எங்கள் ஜி.எம். மேல்விஷாரத்துக்காரர், நல்ல மனுஷர். அவளைக் கூப்பிட்டு நேராகச் சொன்னார். சரக்கு அனுப்புகிற ஷிப்பிங் பிரிவுக்கு வரும் மெயிலைப் படித்து, பிரித்து, பதில் போட ஓர் ஆள் வேண்டும். போர்டைக் கழற்றுகிற நாளுக்குள் அதைத் தனியாகச் செய்துகாட்டினால் அந்த இடம் அவளுக்கு. முடியாவிட்டால் கணக்கு முடித்து அனுப்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. ஸ்டெல்லா சரி சார் என்று சொல்லிவிட்டு வந்து, அன்றைக்குச் சாப்பிடாமல் டிபன் பாக்ஸை மூடிவைத்தாள்.

அவளுக்கு டைப்பிங் தெரியும், பள்ளியிலேயே கற்றுக்கொண்டது, என்னைவிட வேகம். திரையைப் படித்துச் சொல்ல ஆள்தான் இல்லை. வெளிநாட்டில் அதற்கென்று ஒரு புரோகிராம் விற்கிறார்கள். அதன் விலையைக் கேட்டுவிட்டுக் கணக்குப் பிரிவில் எல்லோரும் சிரித்தார்கள். அவளோடு படித்த தோழி ஒருத்தி அதன் மாதிரி சி.டி. ஒன்று கொடுத்திருந்தாள். அது அரை மணி நேரம், இன்னும் கொஞ்சம், பேசும். பிறகு ஊமையாகிவிடும். மறுபடியும் கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டும். இதை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. அப்போதுதான் நான் மார்தட்டினேன். "என் பிள்ளை அதையே இனாமா பண்ணி வச்சிருக்கான்" என்று டிபார்ட்மென்ட் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். உன்னிடம் கேட்டு வெப்சைட் பெயரை வாங்கி அவளிடம் கொடுத்தேன். ஷிப்பிங்கில் ஓரமாக இருந்த பழைய கம்ப்யூட்டரில், மத்தியான இடைவேளையில், அந்த அரை மணி நேரம் பேசுகிற புரோகிராமை வைத்து உங்கள் வெப்சைட்டுக்குப் போய் இறக்கிக்கொள்வதாக ஏற்பாடு.

ஒரு வாரம் கழித்து நீ போனில் என்னிடம் கேட்டாய். நான் அவளிடம் கேட்டேன். "நல்லா இருக்குக்கா, தம்பிக்குத் தேங்க்ஸ் சொல்லுங்க" என்றாள். நான் அப்படியே உனக்குச் சொன்னேன். உனக்குச் சந்தோஷம். யாரிடமிருந்தும் இதுவரை ஒரு புகார்கூட வரவில்லை, சைட் நன்றாகத்தான் இருக்கிறது என்று அப்போதுதான் நீ சொன்னாய். நமக்கு யாராவது ஒன்றைச் சும்மா கொடுத்தால் நாம் எப்படி நடந்துகொள்வோம் என்பது உனக்கும் எனக்கும் தெரியாதா என்ன? சர்ச்சில் எல்லோருக்கும் போடுகிற அசனத்தில் சோறு குழைந்திருந்தால் யாராவது வாய் திறந்து சொல்வார்களா? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்று வளர்த்துவிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போவோம். ஆனால் அன்றைக்கு இது எனக்கும் உறைக்கவில்லை, உனக்கும் உறைக்கவில்லை.

இன்னொரு நாள் மத்தியானம் ஏதோ எடுக்க ஷிப்பிங் பக்கம் போனேன். ஸ்டெல்லா கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது மறுபடியும் அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய சாப்பாடு பிரிக்காமல் பக்கத்தில் இருந்தது. என்ன என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். நான் விடவில்லை. உங்கள் புரோகிராமை அவள் இன்னும் இறக்கவே இல்லை. தினமும் அந்தப் பக்கத்துக்குப் போகிறாள், எங்கெங்கோ சுற்றுகிறாள், அதற்குள் பேச்சு நின்றுவிடுகிறது. ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஓசியில குடுத்த பிள்ளைகிட்ட போயி குறை சொல்லுவாங்களாக்கா? எனக்குத்தான் பிடிபடல."

உடனே உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "அந்தப் பக்கத்துலயே பெருசா பச்சை பட்டன் இருக்கேம்மா." நான் எட்டிப் பார்த்தேன். இருந்தது. ரொம்ப அழகாக, புல் மாதிரி பச்சையாக இருந்தது. நானே அதை அமுக்கிவிடுகிறேன் என்று மவுசில் கை வைத்தேன். ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு நீங்க அமுக்கிடுவீங்க. நாளைக்கு ஜி.எம். எதிர்ல இதே மாதிரி இன்னொண்ணு வந்தா யாருக்கா அமுக்குவாங்க?" என்றாள். அவள் குரல் உடைந்துபோய் நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். போர்டைக் கழற்ற அதிக நாள் இல்லை. நான் உன்னிடம் சனிக்கிழமை முதல் வண்டியில் வந்து சேர் என்றேன். உனக்கு வேறு வேலை இருந்தது. வா என்றால் வா என்று போனை வைத்துவிட்டேன்.

நீ வந்தாய். ஜி.எம்.மிடம் சொல்லி உள்ளே கூட்டிப் போனேன். ஸ்டெல்லாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று சொல்லிவைத்தேன். ஏனென்றால் உன்னைப் பற்றி எனக்குத் தெரியும், "அதோ, மேல" என்று ஆரம்பித்துவிடுவாய். அவள் அந்த அரை மணிப் புரோகிராமைப் போட்டு உங்கள் பக்கத்தைத் திறந்தாள். அது படிக்க ஆரம்பித்தது. உங்கள் குழுவின் வரலாறு, உரிமம், யார் யார் எதை எழுதினார்கள், போன மாதம் எதைத் திருத்தினீர்கள். நடுவில் ஓரிடத்தில் "இமேஜஸ் பி டி என் நியூ டூ" என்று ஏதோ உளறியது. அவள் தாண்டிப் போனாள். சுற்றி வந்து மறுபடியும் அதே உளறல், மறுபடியும் தாண்டிப் போனாள். உன் முகத்தை நான் பார்த்தேன். அதுதான் அந்தப் பச்சை பட்டன் என்று உனக்குப் புரிந்துவிட்டது. எழுத்தை எழுத்தாக வைக்காமல் படமாக வரைந்து வைத்திருந்தீர்கள், அந்தப் படத்துக்கு ஒரு பெயரும் கொடுக்கவில்லை. பார்வை இல்லாதவர்களுக்காகச் செய்த பொருளின் கதவைப் பார்வை உள்ளவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைத்திருந்தீர்கள். உன் காது இரண்டும் சிவந்துவிட்டன. அரை மணி தாண்டியதும் பேச்சு நின்றது. ஸ்டெல்லா திரும்பி, "இன்னும் கொஞ்சம் பழகினா வந்துடும் தம்பி" என்று உனக்குச் சமாதானம் சொன்னாள்.

அங்கேதான் சாமு, நான் உன்னை வியந்து பார்த்தேன். மன்னிப்புக் கேட்டு அழுது வடியவில்லை. இது சின்ன விஷயம், ஒரு நிமிஷத்தில் சரி செய்துவிடலாம் என்றும் சொல்லவில்லை. "ஆன்ட்டி, இன்னொரு தடவை போடுங்க. மனசுல இன்னா தோணுதோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே போங்க" என்றாய். சாயங்காலம் கம்பெனி பஸ் கிளம்பும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாய். எங்கெல்லாம் அவள் தயங்கினாள், எந்த வார்த்தை அவளுக்குப் புரியவில்லை, "கீழே உள்ள படத்தில் காட்டியபடி செய்யவும்" என்று வந்தபோது அவள் எப்படிச் சிரித்தாள் என்றெல்லாம் குறித்துக்கொண்டாய். வீட்டுக்கு வந்து துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு உன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாய். அப்பா வந்து பார்த்து, "இன்னாடா, கண்ணாமூச்சியா?" என்றார். நீ பட்டனைத் தேடிக்கொண்டிருந்தாய். நீயே செய்த வெப்சைட்டில் உனக்கே அது கிடைக்கவில்லை.

பிறகு உங்கள் குழுவில் சண்டை வந்தது. அந்த மெயில்களை நீ எனக்குக் காட்டினாய். உங்களில் மூத்தவர் ஒருவர், நாம் இலவசமாகக் கொடுக்கிறோம், கொஞ்சம் கஷ்டப்பட்டுப் படித்துக்கொள்ளட்டும், வெப்சைட்டுக்கு அலங்காரம் செய்ய நமக்கு நேரமில்லை என்று எழுதியிருந்தார். இன்னொரு இடத்தில் யாரோ ஒரு பாவப்பட்ட மனுஷர் எப்படி நிறுவுவது என்று கேட்டதற்கு, ஏற்கெனவே எழுதியிருக்கிறது, தேடிப் படிக்கவும் என்று ஒரே வரியில் பதில். பஞ்சாயத்து ஆபீசில் "போர்டுல போட்டிருக்குல்ல" என்று விரட்டுவார்களே, அந்தக் குரல் எனக்குக் கேட்டது. அந்தப் பதிலின் கீழே உன் பெயர்தான் இருந்தது. அதை மறைக்காமல் நீயே எனக்குக் காட்டினாய், அதுவும் எனக்குப் பிடித்தது.

நீ மூத்தவருக்கு எழுதிய பதில் எனக்கு இன்னும் மனப்பாடம். நமக்குப் புகார் வரவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். புகார் சொல்ல வேண்டியவர்கள் வாசலோடு திரும்பிப் போய்விட்டார்கள். இலவசமாகக் கொடுப்பதால்தான் அவர்கள் வாய் திறப்பதில்லை. அதனால் விலைக்கு விற்கிறவனைவிட நாம்தான் அதிகமாகக் கேட்கவேண்டும். இப்படி எழுதியிருந்தாய். இதை எழுதியது என் பிள்ளையா என்று இரண்டு தடவை படித்தேன். மூத்தவர் உன் இஷ்டம் என்று ஒதுங்கிக்கொண்டார்.

ஒரு வாரம் ராத்திரி பகலாக உட்கார்ந்தாய் என்று உன் ரூம் நண்பன் சொன்னான். பழைய பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டாய். முதல் வரியில் இது என்ன செய்யும், இரண்டாவது வரியில் இதை எடுத்துக்கொள்ள இங்கே அழுத்தவும் என்று வெறும் எழுத்தில். உங்கள் வரலாறு கடைசிக்குப் போனது. படத்தைப் பார் என்பதெல்லாம் போய், எந்த விசையை அமுக்க வேண்டும், அமுக்கினால் காதில் என்ன கேட்கும் என்று எழுதினாய். மெயிலில் கேட்டவர்களின் கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே தலைப்பாகப் போட்டு, கீழே பதில் எழுதினாய். "பேச்சு நின்றுவிட்டது, என்ன செய்வது?" என்பது ஒரு தலைப்பு. ஒரே கேள்வி இரண்டு பேரிடமிருந்து வந்தால் தப்பு நம்முடைய பக்கத்தில்தான் என்று குழுவில் எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைத்தாய். தேடிப் படிக்கவும் என்று எழுத யாருக்கும் அனுமதி இல்லை. அந்தப் பாவப்பட்ட மனுஷரைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்டு எழுதினாய். அவர் அதற்குள் கம்ப்யூட்டரையே விற்றுவிட்டார் என்று பதில் வந்தபோது நீ சாப்பிடாமல் படுத்துவிட்டாயாம். எல்லோருக்கும் நல்லது செய்து முடிக்க நம்மால் ஆகாது சாமு. எனக்கு அன்றைக்கு உன்மேல் கோபமில்லை, பாவமாகத்தான் இருந்தது.

புதுப் பக்கம் தயாரான அன்று நான் ஸ்டெல்லா பக்கத்தில்தான் நின்றேன். அவள் திறந்தாள். முதல் வரி, இரண்டாவது வரி, விரல் நின்றது. "இதுவாக்கா?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, நீ சொல்லக்கூடாது என்று சொல்லியிருந்தாய். அவளே அமுக்கினாள். எங்கள் ஆபீஸ் லைன் இருந்த லட்சணத்துக்கு அது இறங்கும்வரை எனக்கு உயிர் இல்லை. அந்தப் பழைய புரோகிராம் ஊமையாவதற்குக் கொஞ்சம் முன்னால் இறங்கி முடிந்தது. நிறுவுவதற்கு நீ எழுதிவைத்தபடி ஒவ்வொரு விசையாக அமுக்கினாள். உங்கள் புரோகிராம் கரகரவென்று, சளி பிடித்த கிளி மாதிரி பேச ஆரம்பித்தது. ஸ்டெல்லா மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் பேக்கிங் பெண்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

அதற்குப் பிறகு கெடுவுக்கு இருந்தது கொஞ்ச நாள்தான். ஒவ்வொரு நாளும் பழகினாள். போர்டைக் கழற்ற ஆட்கள் வந்த அன்று காலையில் ஜி.எம். தன் அறையிலிருந்தே ஷிப்பிங்குக்கு ஒரு மெயில் அனுப்பினார். ஷூ வாங்குகிற மேல்நாட்டு பையர் ஒருவர் எழுதிய நீளமான மெயில், சரக்கு எப்போது வரும், சைஸ் ஏன் மாறியது என்று ஏகப்பட்ட கேள்விகளோடு. நாங்கள் யாரும் பக்கத்தில் போகக்கூடாது என்று உத்தரவு. ஸ்டெல்லா காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, பைபிளில் தெரிந்த சங்கீதத்தையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஜி.எம். கையில் ஒரு தாளோடு வெளியே வந்தார். அவள் அனுப்பிய பதிலை அச்செடுத்திருந்தார். அதைப் படித்துக்காட்டவில்லை. அவள் மேசைக்குப் போய், "நாளையிலருந்து இங்கதான்மா" என்றார்.

நீ பெங்களூரில் ஆபீசில் இருந்தாய். உனக்குச் சொல்ல நான் ஓடினேன். ஸ்டெல்லா என்னை நிறுத்திவிட்டு, போர்டு ஆட்களிடம் ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லி, தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து அவளே உனக்கு லைன் போட்டாள். நான் பக்கத்து ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். ஒட்டுக்கேட்டதற்கு இப்போது மன்னித்துக்கொள். வேலை கிடைத்துவிட்டது என்று முதலில் சொன்னாள். நீ சத்தமாக ஏதோ சொன்னாய். பிறகு எப்படி இருக்கிறது ஆன்ட்டி என்று கேட்டாய். அவள் வழக்கம்போல "நல்லா" என்று ஆரம்பித்தாள், நிறுத்திவிட்டாள்.

"இல்ல தம்பி. ரெண்டு குறை இருக்கு. எழுதிக்கிறீங்களா?"

அந்தப் பக்கம் நீ காகிதம் தேடுகிற சத்தம் கேட்டது. "சொல்லுங்க ஆன்ட்டி" என்றாய். நான் பெற்ற பிள்ளை பேசியதில் அதைவிட நல்ல வார்த்தையை நான் கேட்டதில்லை. ரூத் ஒருநாள் உன் முன்னால் வந்து நின்று, இந்த வீட்டில் எனக்கு ஒரு குறை இருக்கிறது என்று சொல்வாள். அன்றைக்கு அவளிடமும் இதையே சொல்லு.

உன் அம்மா